அம்மாவின் சுருக்குப்பையில் ஏழு வெள்ளி ரூபாய்கள்

அம்மா போன பிறகு அவங்க டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, ஒரு சுருக்குப்பையில் ஏழு வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. எல்லாமே கருத்துக் கிடந்தன. முதல் காசை விபூதி போட்டுப் பளபளன்னு தேய்ச்சுட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. அந்தக் கருப்பு, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளியின் மேல் உண்டாகும் மெல்லிய படலம். அதைத் தேய்த்து எடுத்தால் காசின் நுண்ணிய கோடுகளும் கூடவே போய்விடும். சேகரிப்பவர்களிடம் தேய்த்த காசுக்கு மதிப்புக் குறைவு.

மீதி ஆறையும் தேய்க்காமல், லென்ஸ் வைத்துப் படித்தேன். அடையாளம் காண்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை:

விக்டோரியா தலையோடு ‘குயின்’ என்றிருந்தால் 1876 வரையிலானது. ‘எம்ப்ரெஸ்’ என்றால் 1877க்குப் பிந்தையது. கிரீடமில்லாத ஆண் தலை ஏழாம் எட்வர்டு. கிரீடமும் தாடியும் இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ்.

ஆறாம் ஜார்ஜ் காசில் மட்டும் ஆண்டை நன்றாகப் பாருங்க. 1939 வரை 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் பாதிதான். எடை இரண்டுக்கும் 11.66 கிராம் என்பதால் தராசு காட்டிக்கொடுக்காது. 1947ல் வெள்ளியே போய் நிக்கல் வந்துவிட்டது.

பாதுகாக்க: விளிம்பைப் பிடித்து எடுங்க. ஒவ்வொன்றையும் அமிலமில்லாத காகித உறையில் தனியாக வைங்க, பக்கத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். பி.வி.சி. உறையும் ரப்பர் பேண்டும் வேண்டவே வேண்டாம்.

1918 காசு ஒன்றில் அம்மா பூஜையில் வைத்த குங்குமம் ஒட்டியிருக்கிறது. அதை அப்படியே உறையில் போட்டுவிட்டேன்.