கால் ஓய்ந்தால் என்ன? கை ஓயக்கூடாது!
முதுகுத்தண்டில் அடிபட்டவர்களின் இதயத்துக்கு உடற்பயிற்சியே காவல்

தாம்பரம்,

ஓடும் மின்சார ரெயிலில் தொற்றி ஏறும்போது கை நழுவினால் போதும். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி உரசினால் போதும். கட்டிட சாரத்தில் கால் இடறினால் போதும். முதுகுத்தண்டு நரம்பு நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விடலாம்!

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கேதான் அடுத்த ஆபத்து.

"நீ அசையாம படுத்திரு, எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்று வீட்டார் பாசத்தோடு சொல்கிறார்கள். அந்தப் பாசமே இதயத்துக்குப் பகை!

ஏன் இந்த ஆபத்து?

உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. சர்க்கரையையும் கொழுப்பையும் செலவழிப்பவை அவை. அவை சூம்பினால் வயிற்றில் கொழுப்பு சேரும். நல்ல கொலஸ்டிரால் குறையும். சர்க்கரை வியாதி எட்டிப் பார்க்கும். அடி மேல் முதுகில் என்றால், மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலி தெரியாமல் போகலாம்!

முன்பெல்லாம் இவர்களைச் சிறுநீரகக் கோளாறு கொண்டுபோனது. இப்போது அந்த இடத்தை இதய நோயும் நுரையீரல் நோயும் பிடித்துவிட்டன.

எவ்வளவு பயிற்சி?

2018-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடிக் கணக்கு வகுத்தார்கள். உடல் வலுவுக்கு, மூச்சு வாங்கும் பயிற்சி 20 நிமிடம், வாரம் 2 தடவை. கூடவே இயங்கும் தசைகளுக்கு எடைப் பயிற்சி 3 சுற்று, அதுவும் வாரம் 2 தடவை. இதய நலனுக்கு, மூச்சு வாங்கும் பயிற்சி 30 நிமிடம், வாரம் 3 தடவை.

ஜிம் வேண்டாம். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டை கட்டி இழுக்கலாம். தண்ணீர் பாட்டில் தூக்கலாம். சக்கர நாற்காலியைத் தெருவில் வேகமாக உருட்டலாம். பின்பக்கம் இழுக்கும் பயிற்சி முக்கியம். தள்ளித் தள்ளித் தோள் கெட்டால் கட்டிலை விட்டு இறங்கவும் ஆள் தேட வேண்டும்!

உஷார்!

மேல் முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டையிடியும் முக வியர்வையும் வந்தால், ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். டாக்டரைக் கேட்காமல் பயிற்சி தொடங்கக்கூடாது. கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

இங்கிலாந்தில் டாக்டர் லுட்விக் குட்மன், 1948-ல் இத்தகைய நோயாளிகள் கையில் வில்லைக் கொடுத்துப் போட்டி நடத்தினார். அதுதான் இன்றைய பாராலிம்பிக்! 1975-ல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தையே தொடங்கினார்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், இன்று மாலை அவர் கையில் ஒரு ரப்பர் பட்டையைக் கொடுங்கள். வாசல்படியில் ஒரு சாய்தளம் போடுங்கள். மற்றதை அவரே பார்த்துக்கொள்வார்!