சாந்தா றோசாப் பிளம்

பரமஹம்ஸ யோகானந்தர் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது சுயசரிதையை ஒரு தோட்டக்காரரின் நினைவுக்கு உரிமையாக்கினார் என்பது நம்மவருள் எத்தனை பேருக்குத் தெரியும்? லூதர் பேர்பாங்க் என்பது அவர் பெயர். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே 1849இற் பிறந்து, தாம் உருவாக்கிய உருளைக்கிழங்கினத்தின் உரிமையை 150 டொலருக்கு விற்றுவிட்டு, 1875இல் கலிபோர்ணியாவின் சாந்தா றோசா என்னும் ஊரிற் குடியேறியவர். அவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கும் பிளம் இனத்தைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

பேர்பாங்க் 1885ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து பிளம் கன்றுகளைத் தருவித்தார். (ஜப்பானியப் பிளம் எனப் பெயர் பெற்றிருப்பினும் அதன் தாயகம் சீனமே.) ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொன்றின் சூல்முடியில் இட்டு, பிறந்த நாற்றுக்களை ஆயிரக்கணக்கில் வளர்த்து, சிலவற்றை மாத்திரம் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றைத் தீயிலிடுவது அவர் வழக்கம். இவ்வாறு இருபது ஆண்டு உழைத்தபின், 1906இல் வெளிவந்ததே சாந்தா றோசா.

கனி பருத்தது, தோல் கருஞ்சிவப்பு, அதன்மேல் மெல்லிய சாம்பற் பூச்சு. சதை பொன்மஞ்சள், தோலையடுத்துச் செம்மை படர்ந்திருக்கும். கொட்டை சதையை விட்டுக் கழலாது. தோலிற் புளிப்பும் சதையில் இனிப்புமாக இரண்டும் நாவிற் கலக்கும்போதே இதன் சுவை முழுமை பெறும். தோலை உரித்து உண்பவர் பாதியை இழந்தவராவர்.

இலை தளிர்க்குமுன்பே வெண்பூக்கள் மலரும். கலிபோர்ணியாவில் ஜூன் மாதத்திற் கனி பழுக்கும். தன் மகரந்தத்தாலேயே ஓரளவு காய்க்குமாயினும், வேறொரு ஜப்பானியப் பிளம் அயலில் நின்றால் விளைச்சல் கூடும். பிஞ்சு மிகுதியாகப் பிடிக்குமாதலால், நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக விட்டு மற்றையவற்றை ஆய்ந்துவிடல் வேண்டும். மனம் இரங்கும் கமக்காரருக்குச் சிறுகாயும் முறிந்த கொப்புமே மிஞ்சும். மாரியில் 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் ஏறத்தாழ 300 மணி நேரமேனும் கிடைத்தாலன்றி மரம் செவ்வனே பூக்காது. நம் யாழ்ப்பாணத்து வெயிலில் அவ்வுறக்கம் ஏது? ஆசைப்பட்டுப் பயனில்லை.

இவ்வினத்தைப் படைத்தவர் பெற்ற ஊதியம் சிறிது. ஒருமுறை விற்ற கொப்பிலிருந்து எவரும் ஒட்டுக்கட்டிப் பெருக்கலாம் என்பதே அன்றைய நிலை. புதுப்பயிரை உண்டாக்கியவருக்கு உரிமை வழங்கும் சட்டம் அமெரிக்காவில் 1930இலேதான் பிறந்தது. பேர்பாங்கோ 1926இலேயே மறைந்துவிட்டார்.

ஒருகாலத்தில் கலிபோர்ணியச் சந்தையில் முன்னின்ற இக்கனிக்கு ஒரு குறையுண்டு. பழுத்ததும் விரைவில் இளகிவிடும். தொலைவுக்கு அனுப்பினால் நசியும். ஆகவே பெருந்தோட்டக்காரர் இதனைக் கைவிட்டு, பயணந் தாங்கும் கடினமான இனங்களை நட்டனர். அவற்றின் பளபளப்பை நம்பிக் கொழும்புக் கடையில் வாங்கிக் கடித்து ஏமாந்த அனுபவம் நமக்கும் உண்டு. சாந்தா றோசா இன்று பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்களிலும் சிறு பழத்தோட்டங்களிலுமே வாழ்கின்றது. அங்குள்ளோர் மரத்திலேயே கனியவிட்டுப் பறித்து, அன்றோ மறுநாளோ உண்டு விடுகின்றனர்.