மழை வழியை மறிக்கலாம். மருந்தை மறிக்கக் கூடாது

இலத்தூர், தென்காசி வட்டாரத்தில் வாழும் நமக்கு மழை புதியதன்று. தென்மேற்குப் பருவத்தில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என ஆண்டுக்கு இருமுறை அதை வரவேற்கிறோம். கடல் தொலைவில் இருப்பதால் பெருவெள்ளம் கடலோரத்தாரின் கவலை என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் நோயாளி இருக்கும் வீட்டுக்கு வெள்ளநீர் வாசல்வரை வர வேண்டும் என்பதில்லை; வழி அடைபட்டாலே போதும், ஆபத்து தொடங்கிவிடும்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களை நினைவுகூருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் நாள் கணக்கில் இல்லை.

அந்நாள்களில் நம் பகுதியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் ஸ்ரீவைகுண்டம் பக்கம் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தார். இரண்டு நாளில் திரும்பும் எண்ணத்தில் இரண்டு நாள் மாத்திரைகளையே எடுத்துச் சென்றார். இன்சுலினும் முடியும் நிலையில் இருந்தது. நான்காம் நாள் நம்மிடம் வந்தபோது வாந்தியும் மயக்கமுமாக, சர்க்கரை மிக உயர்ந்த நிலையில் இருந்தார். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டோம். “காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, இரவில் பாதி மஞ்சள் மாத்திரை” என்பதற்கு மேல் மகளால் எதுவும் சொல்ல இயலவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். ஆயினும் ஒரு துண்டுச் சீட்டும் ஒரு வார மருந்தும் கையில் இருந்திருந்தால் அந்தத் துன்பமே நேர்ந்திராது.

ஏழு நாள் மருந்து

மருந்து தீர்ந்த பின் கடைக்குச் செல்வது நம்மவர் வழக்கம். ஏழு நாளுக்கான மருந்து மீதமிருக்கும்போதே அடுத்த தவணையை வாங்கிவிடுங்கள். வலிப்பு நோய், இதய நோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளையும், நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரைகளையும் திடீரென நிறுத்துவது உயிருக்கே கேடாகலாம். மருந்தின் பெயர், அளவு, வேளை, ஒவ்வாமை, இரத்த வகை, உறவினர் எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி, மருத்துவச் சீட்டின் நகலுடன் நீர் புகாத உறையில் வையுங்கள். கைப்பேசியில் எடுத்த படம் மட்டும் போதாது. மின்னூட்டம் தீர்ந்தால் அதுவும் இல்லை.

இன்சுலின்

பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரி செல்சியசுக்கு மிகாத வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாது. ஆகவே மின்சாரம் நின்றவுடன் கலங்க வேண்டா. பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டியை வைத்து, இடையே ஈரமணல் நிரப்பி, உலர்ந்த உறையிலிட்ட இன்சுலினை உள்ளே வைத்து மூடினால் குளிர்ச்சி நிற்கும். பனிக்கட்டியின் மேல் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. சர்க்கரை தாழ்ந்தால் உதவ, குளுக்கோஸ் அல்லது சர்க்கரைப் பொட்டலம் உடன் இருக்கட்டும்.

டயாலிசிஸும் ஆக்சிஜனும்

ஒருமுறை டயாலிசிஸ் செய்யச் சுத்திகரித்த நீர் மட்டுமே ஏறத்தாழ 120 லிட்டர் தேவை; மின்சாரமும் தடையின்றி வேண்டும். எனவே கனமழை எச்சரிக்கை வந்தவுடன் டயாலிசிஸ் பிரிவை அழைத்து, முன்னதாகவே சிகிச்சை பெற இயலுமா எனக் கேளுங்கள். அருகில் வேறெங்கு அவ்வசதி உள்ளது என்பதையும் அறிந்து வையுங்கள். தவணை தள்ளிப்போனால் நீரையும் உப்பையும் மேலும் குறைக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் அன்புடன் தரப்படும் வாழைப்பழமும் இளநீரும் பிறர்க்கு நல்லுணவு. டயாலிசிஸ் நோயாளிக்கோ அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும்.

வீட்டில் ஆக்சிஜன் கருவி பயன்படுத்துவோர், மின்தடைக்கென நிரப்பிய சிலிண்டர் ஒன்றை வைத்திருங்கள். அதைத் திறக்கும் முறையைக் குடும்பத்தில் இருவரேனும் கற்றிருக்க வேண்டும். அதன் அருகே விளக்கோ மெழுகுவத்தியோ ஏற்றலாகாது.

நீர் வடிந்த பின்

நீரிழிவு உள்ளோர் வெறுங்காலுடன் வெள்ளநீரில் இறங்காதீர்கள். இறங்க நேர்ந்தால் காலை சோப்பிட்டுக் கழுவித் துடைத்து, காயம் உள்ளதா எனப் பாருங்கள். குடிநீரைக் கொதிக்க வைத்தே பருகுங்கள். அடுத்த நான்கு வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் தோன்றினால் எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். வெள்ளநீரில் நடந்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.

ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இவ்வெண்களையும் அதே தாளில் எழுதுங்கள்.

ஆபத்து பருவம் பார்த்து வருவதில்லை. 2024 மே 17 அன்று, சாரல் தொடங்குமுன்னரே, பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. ஆகவே மழைக்காலம் வரட்டும் எனக் காத்திராதீர்கள். இன்று மாலையே மருந்துப் பெட்டியைத் திறந்து, எத்தனை நாளுக்கு மருந்து உள்ளது என எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது நீங்கள் எழுதிய தாளைக் கொண்டுவாருங்கள். சரிபார்த்துத் தருவது எங்கள் கடமை.