பல் வலி தானாக நின்றால் குணமாகிவிட்டதா?



பல் வலி என்றதும் நம் வீடுகளில் உம்மாமார் முதலில் எடுப்பது கிராம்பைத்தான். நம் மாவட்டத்து மாறாமலையில் விளையும் கிராம்புக்குத் தனிப் பெருமை உண்டு. ‘கன்னியாகுமரி கிராம்பு’ 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. அதிலுள்ள யூஜினால் என்ற எண்ணெய் நரம்பை மரக்கச் செய்யும், வலி குறையும். ஆனால் சொத்தை அப்படியேதான் இருக்கும்.

பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாய்களும் உயிருள்ள செல்களும் நிறைந்த மென்மையான சதை இருக்கிறது. இதைப் பல்கூழ் என்பார்கள். சொத்தை ஆழமாகும்போது கிருமிகளின் நச்சு பல்லின் நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்குகிறது. பல்கூழ் செல்கள் உடனே அபாய அறிவிப்பு கொடுக்க, அங்கே ரத்த ஓட்டம் கூடி வீக்கம் உண்டாகிறது. இதுவே அழற்சி. கையில் அடிபட்டால் தோல் வீங்க இடமுண்டு. பல்லுக்குள் நாலு பக்கமும் கெட்டியான சுவர். அழுத்தம் நரம்பை நெருக்குவதால்தான் இவ்வளவு வேதனை.

இதில் மூன்று கட்டங்கள் உண்டு.

முதல் கட்டம்: குளிர்ந்த தண்ணீரோ இனிப்போ பட்டால் சுரீர் என்று கூசும், சில நொடிகளில் அடங்கும். இப்போதே போனால் சொத்தையை நீக்கி அடைத்துவிடலாம். அழற்சி தணிந்து, பல்கூழ் செல்கள் உள்ளிருந்தே புதிய பல்திசுவைக் கட்டிக்கொள்ளும். அதற்குத் துணையாகக் கால்சியம் ஹைட்ராக்சைடு, எம்.டி.ஏ. போன்ற மருந்துகளை வைப்பார்கள்.

இரண்டாம் கட்டம்: சூடோ குளிரோ பட்ட வலி நெடுநேரம் நிற்கும், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். பெரும்பாலும் ரூட் கெனால் தேவைப்படும். சிலருக்குப் பல்கூழின் மேல்பகுதியை மட்டும் எடுத்து மீதியைக் காப்பாற்றவும் முடிகிறது.

மூன்றாம் கட்டம்: வலி திடீரென நின்றுவிடும். “அல்ஹம்துலில்லாஹ், சரியாகிவிட்டது” என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் பல்கூழ் செத்திருக்கலாம். கிருமி வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்கு இறங்கும்.

பல்கூழில் குருத்தணுக்கள் இருப்பது 2000இல் கண்டறியப்பட்டது. பிடுங்கிய கடைவாய்ப் பற்களிலிருந்து எடுத்த செல்களில், அழற்சியை அடக்கும் மருந்துகளை ஆய்வுக்கூடங்களில் சோதித்து வருகிறார்கள். பல்லை உயிரோடு காப்பதே நோக்கம்.

நாம் செய்ய வேண்டியவை:

• கிராம்பு எண்ணெய் மருத்துவரிடம் போகும்வரைதான். குழிக்குள் நேரடியாக ஊற்றாதீர்கள். அதிக அளவு அந்தச் செல்களையே கொல்லும்.

• மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். பல்கூழ் அழற்சி அதனால் தீராது.

• மிஸ்வாக்கும் பிரஷும் சொத்தை வராமல் காக்கும். விழுந்த குழியை அடைக்காது.

• நோன்பு மாதம் என்று தள்ளிப்போடாதீர்கள். இஃப்தாருக்குப் பின் நேரம் கேட்டு வாங்கலாம்.

• முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், விழுங்கவோ வாய் திறக்கவோ சிரமப்பட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கூச்சம் தொடங்கும் நாளிலேயே போனால் ஓர் அடைப்போடு முடியும். செலவும் குறைவு, பல்லும் மிஞ்சும்.