கடைவாய்ப் பல்லில் பாதரசம்

"ஏனுங்க, இந்தக் கறுப்பு அடைப்பைத் தோண்டி எடுத்துப் போட்டுடலாமுங்களா?" வெண்ணந்தூர் டீக்கடையில் தறிக்கார அண்ணன் கேட்டார். வாயில் பாதரசம் இருந்தால் நரம்புக்கு ஆகாது என்று செல்போன் வீடியோவில் யாரோ சொல்லிவிட்டார்களாம். பாதரசத்தில் செய்த ரசமணியைக் கழுத்தில் கட்டிக்கொள்கிற ஊரில் இந்தப் பயம்!

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த அடைப்பில் எடைக்கு ஏறக்குறைய பாதி பாதரசம்தான். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. இவற்றின் பொடியில் பாதரசம் சேர்ந்ததும் களிபோல் குழையும், பல் குழியில் வைத்து அழுத்தினால் இறுகிவிடும். மற்ற உலோகங்களோடு சேர்மமாகிவிடுவதால் உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து உருளுவதுபோல அது ஓடாது. ஆனாலும் மெல்லும்போதும், தூக்கத்தில் பல்லை நறநறக்கும்போதும் துளி ஆவி கிளம்பும். மூச்சோடு உள்ளே போகும்.

அந்தத் துளி என்ன செய்யும்? குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த அடைப்பும் மற்றதுக்குப் பல் நிறப் பிசினும் வைத்து, வருஷக்கணக்கில் கவனித்த இரண்டு ஆய்வுகள் 2006-ல் வெளிவந்தன. பாதரச அடைப்பு வைத்தவர்களின் சிறுநீரில் பாதரசம் கூடுதலாக இருந்தது. நினைவாற்றலிலும் அறிவுத்திறனிலும் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், சிறுநீரகம் அல்லது நரம்புக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2020-ல் சொன்னது. நன்றாக இருக்கும் பழைய அடைப்பைத் தோண்டாதீர்கள் என்றும் அதுவேதான் சொன்னது. வீடியோக்காரர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

பிறகு ஏன் உலக நாடுகள் இந்த அடைப்பை நிறுத்தப் பார்க்கின்றன? வாயைவிடத் தண்ணீரைப் பற்றிய கவலை அதில் பெரிது. கிளினிக்கில் சுரண்டியது சாக்கடை வழியே ஏரிக்குப் போனால், நுண்ணுயிர்கள் அதை நச்சான மெத்தில் பாதரசமாக்கும்; அது மீனில் சேர்ந்து நம் தட்டுக்கு வரும். ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு தொழிற்சாலைக் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீன் வழியே மக்களுக்குச் செய்த கேடு அது. நமக்குக் கொடைக்கானலே போதும். அங்கே தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, மூஞ்சிக்கல் காயலான் கடையில் குவிந்து கிடந்தது. 2001-ல் ஆலையை மூடினார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018-ல் ஏற்றது. 2034-க்குள் பல் அடைப்பிலும் பாதரசத்தை நிறுத்த உறுப்பு நாடுகள் 2025-ல் முடிவெடுத்தன.

அண்ணனிடம் சொன்னேன்: "விரிசலோ ஓரக் கசிவோ இல்லீன்னா விட்டுடுங்கண்ணா. ட்ரில் போடறப்பத்தான் ஆவி அதிகம். மாத்தியே ஆகணும்னா, தண்ணி பீச்சி, நல்லா உறிஞ்சி எடுக்கிற டாக்டராப் பாருங்க. ஒவ்வொரு தடவை தோண்டறப்பவும் நல்ல பல்லும் கொஞ்சம் போகுமுங்க."