உம்மா வீட்டுக்குப் போகும்போது அட்டையும் கூடப் போகட்டும்

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை ஏழாம் மாதத்தில் உம்மா வீட்டுக்கு அழைத்துப் போவது நம் குடும்பங்களில் இன்றும் உள்ள வழக்கம். நல்ல வழக்கம்தான். பெற்ற தாயின் கைச்சோறும் கவலையில்லாத தூக்கமும் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் அந்தப் பயணத்தில் ஒன்று அறுந்துபோகிறது. அதைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறோம்.

புகுந்த ஊரில் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் தொடக்கத்திலிருந்தே அந்தப் பெண்ணைப் பார்த்து வந்திருப்பார். மூன்றாம் மாதத்தில் இரத்த அழுத்தம் 100/60 என்று அட்டையில் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் மாதம் வேறு ஊரில் புதியவர் ஒருவர் பார்க்கும்போது 130/85 இருக்கிறது. 140/90-ஐ எட்டவில்லையே என்று அவர் அனுப்பிவிடலாம். முன்பிருந்தே பார்த்து வந்தவர் என்றால், இவ்வளவு ஏறியிருக்கிறதே என்று சிறுநீரைப் பரிசோதிப்பார். சில நாளில் மறுபடி வரச் சொல்வார். வலிப்பு வரை கொண்டுபோகும் கர்ப்பகால இரத்த அழுத்தம் பல நேரம் இப்படிச் சத்தமில்லாமல்தான் தொடங்குகிறது.

இரத்த வகையும் அப்படியே. தாய் நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அது விட்டுப்போனால் ஆபத்து பெரும்பாலும் அடுத்த பிள்ளைக்கு.

இன்னொன்று, வெளியே பேசப்படாதது. நம் பெண்கள் வெட்கப்படுபவர்கள். வெள்ளைப்படுதல், சிறுநீர் எரிச்சல், இலேசான இரத்தக் கசிவு ஆகியவற்றை முதல்முறை பார்க்கும் முகத்திடம் சொல்ல மாட்டார்கள். "ஒன்றுமில்லை" என்று எழுந்து வந்துவிடுவார்கள். நான்கு முறை பார்த்துப் பழகிய செவிலியரிடம் கதவருகே நின்றாவது சொல்வார்கள். ஹயா ஈமானின் பகுதி என்று ஓதிக்கொடுக்கிறோம். அது மருத்துவத்துக்குத் தடையாகாமல் இருக்க, பழகிய பெண் ஒருவர் தேவை.

ஒரே மருத்துவச்சியோ அறிமுகமான சிறு குழுவோ கர்ப்பம் முதல் பிரசவத்துக்குப் பின்வரை பார்த்துக்கொள்ளும் முறை இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உள்ளது. காக்ரேன் என்ற அமைப்பு 2024-இல் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அவற்றில் 18,000-க்கும் அதிகமான பெண்கள். இம்முறையில் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியனும் ஆயுதம் போட்டு எடுப்பதும் குறைகின்றன, பெண்களுக்கு மனநிறைவும் அதிகம் என்று தெரிந்தது. குறைமாதப் பிரசவம் குறையும் என்று முன்பு சொல்லப்பட்டது. புதிய தொகுப்பில் அது உறுதிப்படவில்லை. பெரும்பாலும் வசதியுள்ள நாடுகளில் நடந்த ஆய்வுகள் என்பதால், நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்றும் நாம் சொல்ல மாட்டோம்.

பழைய மருத்துவச்சி அம்மாக்கள் தாய்க்கும் மகளுக்கும் பேத்திக்கும் பிரசவம் பார்த்தவர்கள்தான். அன்று கபர்ஸ்தானுக்குப் போன சிசுக்கள் எத்தனை என்பதும் பெரியவர்களுக்குத் தெரியும். வீட்டுப் பிரசவத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை.

நம் ஏற்பாட்டில் கர்ப்ப காலத்தில் ஒருவர், பிரசவ அறையில் வேறொருவர், பிறகு இன்னொருவர். ஆள் மாறுவது நம் கையில் இல்லை. விவரம் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போவது நம் கையில் இருக்கிறது. அதனால் பயணத்துக்கு முன் புகுந்த ஊர்ச் செவிலியரிடம் எந்த ஊருக்கு என்று சொல்லுங்கள், அவர் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தாய்-சேய் அட்டையும் ஸ்கேன் தாள்களும் பெண்ணோடு போகட்டும். பல வீடுகளில் அவை மாமியின் பீரோவில் பாஸ்புக்கோடு இருக்கும். மகன் சவூதியிலிருந்து போன் செய்துதான் எடுத்துத் தர வேண்டியிருக்கும்! போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அங்குள்ள துணை சுகாதார நிலையத்தில் அட்டையையும் பிக்மி எண்ணையும் காட்டுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும்.

இதைச் செய்யாவிட்டால், இந்த வீட்டில் பச்சைப்பிள்ளை இருப்பதே அந்த ஊர்ச் செவிலியருக்குத் தெரியாமல் போகலாம். முதல் நாள் கவனிப்புக்குப் பிறகு 2–3 நாளில் ஒருமுறை, 7–14 நாளுக்குள் ஒருமுறை, ஆறாவது வாரத்தில் ஒருமுறை தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்பது கழியவில்லை என்று செவிலியரை வாசலோடு அனுப்பாதீர்கள். நிஃபாஸ் காலத்தில் அவர் உள்ளே வர மார்க்கத்தில் தடையேதும் இல்லை. இரத்தப்போக்கு, காய்ச்சல், தீராத தலைவலி, கண் மங்குதல் தாய்க்கு இருந்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, உடல் சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, உள்ளங்கை வரை மஞ்சள் படர்ந்தாலோ செவிலியர் வரும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நாற்பது முடிந்து பெண் புகுந்த வீடு திரும்பும் வாரமும் பிள்ளைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடும் வாரமும் ஒன்றாகவே வருகின்றன. "அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம்" என்று இங்கேயும், "அங்கேயே போட்டிருப்பார்கள்" என்று அங்கேயும் நினைத்துவிடுகிறார்கள். கிளம்பும் முன்பே போட்டு, தேதியை அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள். அட்டையை நகலெடுக்க வேண்டியவர்கள் ஜும்ஆவுக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வரலாம், கட்டணம் இல்லை.