திரும்பி வந்த விஞ்ஞானிகள்: திட்டம் பலித்ததா என்று பார்ப்பது எப்படி?

வெளிநாட்டில் இருக்கும் தம் விஞ்ஞானிகளை ஊருக்கு அழைத்துவரப் பல அரசுகள் பணம் ஒதுக்குகின்றன. ‘இத்தனை பேர் திரும்பினார்கள்’ என்று பிறகு கணக்கும் காட்டுகின்றன. ஆனால் அவர்களில் சிலர் திட்டமே இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள். ஆகவே தலையை எண்ணினால் போதாது. வந்தவர்களின் தரம் என்ன, அங்கேயே இருந்திருந்தால் செய்திருக்கக்கூடியதைவிட இங்கே கூடுதலாகச் செய்தார்களா என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு நேரடி விடை கிடையாது. ஒரே ஆள் இரண்டு நாட்டிலும் வேலை பார்த்துக் காட்ட முடியாதே. அதனால், வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட, ஏறக்குறைய அதே நிலையில் உள்ள ஆய்வாளர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

சீனாவில் அப்படிப் பார்த்தார்கள். அந்நாடு 2008இல் ‘ஆயிரம் திறமையாளர்’ திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிப்பிரிவு வந்தது. அந்த இளையோர் பிரிவை அலசிய ஆய்வு ஒன்று 2023 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. வந்தவர்கள் திறமைசாலிகள்தாம், ஆனால் திரும்புவதற்கு முந்தைய வெளியீடுகளை வைத்துப் பார்த்தால், குழுவாக அவர்கள் உச்ச வரிசைக்குக் கீழேதான் இருந்தார்கள். வந்தபின் வெளிநாட்டுச் சகாக்களைவிட அதிகக் கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

அந்த உயர்வு எங்கே தெரிந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் அவர்கள் பெயர் கடைசியாக வரும் கட்டுரைகளில், அதிலும் செலவு பிடிக்கும் துறைகளில். பல அறிவியல் துறைகளில் கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத் தலைவருடையது. கூடுதல் நிதியும் பெரிய ஆய்வுக்குழுவும் கிடைத்ததே முக்கியக் காரணம் என்கிறது ஆய்வு.

அப்படியென்றால் இன்னொரு கேள்வி எழுகிறது: அதே பணத்தையும் ஆட்களையும் உள்நாட்டிலேயே படித்து வளர்ந்த இளம் விஞ்ஞானிக்குக் கொடுத்திருந்தால்? வெளிநாட்டுச் சகாக்களோடு மட்டும் ஒப்பிட்டால் இதற்கு விடை வராது.

தலையை எண்ணினால் போதாது என்பது இந்தியாவுக்கும் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கான ராமானுஜன், ராமலிங்கசுவாமி உதவித்தொகைகள் ஐந்தாண்டுக்கானவை. அந்தக் காலம் முடிந்தபின் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை கிடைத்தது, எத்தனை பேர் மறுபடி விமானம் ஏறினார்கள், அவர்களிடம் பயின்ற மாணவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் கணக்கில் எடுக்காத மதிப்பீடு பாதி மதிப்பீடுதான்.